வகுப்புத் திட்டத்துக்கான லோகோ: ‘இது படம், சின்னம் இல்லை’ என்ற விமர்சனத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

மூன்றாம்பருவம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வரைகலை வடிவமைப்புப் படிப்பில் மூன்றாம் பருவ மாணவி. கற்பனையான ஒரு பொது நூலகத்துக்கு லோகோவும் அதையொட்டிய பிராண்டிங்கும் செய்துதர வேண்டும் என்பது இந்தப் பருவத்தின் முக்கியப் பணி. முதலில் முப்பது சிறு ஸ்கெட்ச்சுகள், அவற்றிலிருந்து மூன்று யோசனைகள், பிறகு அவற்றில் ஒன்றை முழுமையாக்கி, வண்ணம், எழுத்துரு, குறைந்தபட்ச அளவு முதலியவற்றைக் குறிக்கும் கையேட்டையும் சேர்த்துச் சமர்ப்பிக்க வேண்டும்.

நான் வரைந்தது இதுதான்: விரித்த புத்தகம், அதன் நடுவிலிருந்து எழும் மரம், அந்த மரத்தின் இலைகளில் சில பறவைகளாக மாறிப் பறக்கின்றன, பின்னணியில் சூரியன். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு நகரும் கிரேடியன்ட். திரையில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. விமர்சன வகுப்பில் ஆசிரியர் அதைச் சில நொடிகள் பார்த்துவிட்டு, “படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இது படம், சின்னம் இல்லை” என்று சொல்லி அடுத்த மாணவரிடம் போய்விட்டார். சக மாணவர்களில் பாதிப் பேர் பிடித்திருக்கிறது என்றார்கள், மீதிப் பேர் பிடிக்கவில்லை என்றார்கள்; இரு தரப்பாரும் காரணம் சொல்லவில்லை.

என் குழப்பம் இரண்டு. படத்துக்கும் சின்னத்துக்கும் நடுவே உள்ள கோடு எது? எளிமையாக்கு என்றார்கள், பறவைகளை எடுத்தேன், சூரியனை எடுத்தேன், மரத்தையும் எடுத்தேன், கடைசியில் மிஞ்சியது எந்த நூலகத்துக்கும் பொருந்தக்கூடிய ஒரு புத்தகம். இரண்டாவது, உண்மையான வாடிக்கையாளர் யாரும் இல்லாத வகுப்புத் திட்டத்தில் ஒரு வடிவம் சரியா தவறா என்பதை எதை வைத்து முடிவுசெய்வது? என் விருப்பத்தைத் தவிர வேறு அளவுகோல் எதுவும் என் கையில் இல்லை. சமர்ப்பிக்க இன்னும் நான்கு வாரங்கள் இருக்கின்றன.

வரைபலகை எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

‘ஒரு பொது நூலகம்’ என்பது வாடிக்கையாளர் அல்ல, ஒரு வகை மட்டுமே. வகைக்கு லோகோ செய்ய உட்கார்ந்தால் வகைக்குரிய புத்தகம்தான் வரும். எல்லாவற்றையும் எடுத்த பிறகு உங்களிடம் மிஞ்சியதும் அதுதான். ஆகவே வரைவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த நூலகத்துக்கு யார் வருகிறார்கள், எந்த நேரத்தில் கூட்டம் சேர்கிறது, வேறொரு நூலகத்துக்குப் போகாமல் ஏன் இங்கே வருகிறார்கள், நிர்வாகி எதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்பதையெல்லாம் நீங்களே முடிவுசெய்யலாம்; கற்பனைத் திட்டத்தில் அந்தச் சுதந்திரம் உண்டு. எழுதி முடித்த பிறகு அதை மாற்றும் சுதந்திரம் மட்டும் கிடையாது. லோகோவுக்கு ஏற்றாற்போல் பிரீஃபை, அதாவது இப்படி எழுதிவைத்த திட்டக் குறிப்பை, திருத்துகிற பழக்கம் படிக்கும் காலத்தில் எனக்கும் இருந்தது. அப்படிச் செய்த திட்டங்களில் ஒன்றைக்கூட இன்று எடுத்துக் காட்ட மனம் வருவதில்லை.

அந்தப் பக்கத்தின் கடைசியில், லோகோ எங்கெல்லாம் இடம்பெறும் என்ற பட்டியலைச் சேருங்கள். என் அனுபவத்தில் எந்த வாடிக்கையாளரையும்விடக் கண்டிப்பானது இந்தப் பட்டியல்தான். நூலகம் என்றால் முகப்புப் பலகை, உறுப்பினர் அட்டை, இணையதளம், கைப்பேசிச் செயலி ஆகியவை உடனே நினைவுக்கு வரும். நூலின் முதுகில் ஒட்டும் சீட்டு நினைவுக்கு வந்ததா? இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தச் சீட்டில் பெரும்பகுதி வகைப்பாட்டு எண்ணுக்குப் போய்விடும். உள்பக்கத்தில் மை தொட்டு அடிக்கும் ரப்பர் ஸ்டாம்ப்பில் கிரேடியன்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த இரண்டையும் எழுதிவைத்துவிட்டு உங்கள் மரத்தைப் பாருங்கள். பறவைகளை யாரும் துரத்த வேண்டியதில்லை. அவை தாமாகவே பறந்துவிடும்.

இனி, படமா சின்னமா என்ற கேள்வி. ‘எளிமை’ என்ற சொல் உங்களைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது என்று நினைக்கிறேன். படம் ஒரு பொருளை விவரிக்கிறது. சின்னம் ஒருவரை இன்னாரென்று அடையாளம் காட்டுகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட், கணினி நிறுவனமான ஐபிஎம்முக்கு 1956-இல் வடிவமைத்த லோகோவில் கணினியைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. மூன்று எழுத்துகள்தாம் இருக்கின்றன. 1972 முதல் நாம் காணும் எட்டுக் கிடைக்கோட்டு வடிவத்திலும் கோடுகள் எதையும் விளக்க வந்தவை அல்ல. ஆங்கில எழுத்துகளில் ஐ ஒல்லியானது, பி அதைவிட அகலம், எம் இன்னும் அகலம். அருகருகே நிறுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்துகொண்டே போகும். மூன்றின் ஊடாகவும் ஒரே சீராக ஓடும் கோடுகள் அவற்றை ஒரே கட்டாகக் கட்டிவிடுகின்றன.

அதற்காகப் படம் ஒருபோதும் சின்னமாக முடியாது என்பதில்லை. உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா 1961-இல் பிறந்தது; கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் செலவு குறையும் என்பதும் அந்த விலங்கைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். அதன் இன்றைய வடிவத்தைக் கூர்ந்து பாருங்கள். தலையின் உச்சிக்கும் முதுகுக்கும் வெளிக்கோடே கிடையாது. காது, கண், மூக்கு, கால்கள் ஆகிய கறுப்புத் திட்டுகளை மட்டும் வைத்துவிட்டு வடிவமைப்பாளர் விலகிக்கொள்கிறார், மீதி உடலைப் பார்ப்பவரின் கண் வரைந்துகொள்கிறது. உங்கள் படத்தில் பார்ப்பவருக்கு எந்த வேலையும் மிச்சமில்லை. கடைசி இலைவரை நீங்களே வரைந்து முடித்துவிட்டீர்கள்.

ஸ்கெட்ச்சுக்கு ஒரு யோசனை. நூலகத்தின் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினைச்சொற்களை வரையுங்கள். புத்தகம், விளக்கு, ஆந்தை, மரம் எல்லாம் எல்லோருடைய முதல் பத்து ஸ்கெட்ச்சிலும் இருக்கும். எடுப்பது, திருப்பித் தருவது, தேடுவது, சாய்ந்து நிற்பது, காத்திருப்பது என்று போனால் பதினைந்துக்கு மேல் ஏதாவது பிடிபடும். அதுவரை கணினியைத் திறக்காதீர்கள்.

மையும்தாளும் எழுதியது:

நான் வடிவமைப்பாளன் அல்லன். அச்சுக்கு வரும் கோப்புகளைச் சரிபார்த்து இயந்திரத்துக்கு அனுப்புகிறவன். மேலே சொன்ன பட்டியலோடு சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

அண்மையில் மாணவர் ஒருவர் தம் வகுப்புத் திட்டத்தின் விசிட்டிங் கார்டை அச்சிடக் கொண்டுவந்தார். பெரிய தாளில் மெல்லிய கோடுகளாலான அழகான லோகோ, கார்டில் வெறும் கறுப்புக் கட்டியாக இருந்தது. கோடுகள் ஸ்ட்ரோக்காகவே, அதாவது தடிமன் தனியாகக் குறிக்கப்பட்ட கோடுகளாகவே, விடப்பட்டிருந்தன. வடிவத்தைச் சிறிதாக்கும்போது ஸ்ட்ரோக்கும் சேர்ந்து சுருங்க வேண்டும் என்ற தேர்வு அணைக்கப்பட்டிருந்தது. லோகோ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, கோடு மட்டும் மூன்று பாயின்ட் தடிமனிலேயே நின்றுவிட்டது. இறுதிக் கோப்பில் ஸ்ட்ரோக்குகளை அவுட்லைனாக, அதாவது நிரப்பிய வடிவமாக, மாற்றிவிட்டால் இந்த விபத்து நேராது; இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் ஆகிய வரைகலை மென்பொருள்களில் அதற்கு வழி இருக்கிறது.

அடுத்தது, பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று. கறுப்புப் பின்னணியில் வைத்த வெள்ளை வடிவம், அதே அளவுள்ள கறுப்பு வடிவத்தைவிடக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆகையால் திரைக்கான ரிவர்ஸ் வடிவத்தில், அதாவது கறுப்பில் வெள்ளையாக வரும் வடிவத்தில், கோடுகளைச் சற்று மெலிவாக்குகிறார்கள். தாளில் நடப்பதோ நேர் எதிர்: மை பரவி வெள்ளையின் ஓரங்களைத் தின்றுவிடும், மெல்லிய வெள்ளைக் கோடு முழுவதுமே அடைபட்டுப் போகலாம், பூச்சில்லாத தாளில் இது இன்னும் மோசம். எனவே திரைக்கு மெலிந்த ரிவர்ஸ் கோப்பு ஒன்றும், அச்சுக்குக் கொஞ்சம் சதை போட்ட ரிவர்ஸ் கோப்பு ஒன்றும் தனித்தனியாக இருப்பதே முறை. எங்களிடம் வருவது ஏறக்குறைய எப்போதும் ஒரே கோப்புதான்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் மின்னுகிற சில பச்சைகளையும் நீலங்களையும் அச்சில் வழக்கமாகக் கலக்கும் சிஎம்ஒய்கே என்ற நான்கு மைகளால் எட்டவே முடியாது. அந்த நிறம்தான் வேண்டும் என்றால் பான்டோன் போன்ற, முன்கூட்டியே கலந்த தனி மைக்குப் போக வேண்டும், அல்லது மைக்கு எட்டுகிற நிறத்தை முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். நீலம் என்றால் நம்பிக்கை, சிவப்பு என்றால் ஆற்றல் என்ற அட்டவணைகளை மாணவர்கள் கையேட்டில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தில் நிறத்தின் மதிப்புகளை எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கறுப்பில் முடித்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள்.

கெர்னிங்பித்தன் எழுதியது:

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். புத்தகம், மரம், பறவை, சூரியன் எல்லாம் இருக்கின்றன. நூலகத்தின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

சின்னம் வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பெயரை ஒழுங்காக எழுதினாலே அது லோகோதான். 1994-இல் லிண்டன் லீடர் வடிவமைத்த ஃபெடெக்ஸ் லோகோவில் ஆங்கில இ-க்கும் எக்ஸ்-க்கும் நடுவில் ஓர் அம்புக்குறி இருப்பதை எல்லா வகுப்பிலும் காட்டுகிறார்கள். அந்த அம்பு தானாக அமைந்துவிடவில்லை என்பதைக் காட்டுவோர் குறைவு: யூனிவர்ஸ், ஃப்யூச்சுரா ஆகிய இரு எழுத்துருக்களின் தன்மைகளைக் கலந்து, சிற்றெழுத்துகளின் உயரத்தைக் கூட்டி, எழுத்துகளையே திருத்தி வரைந்த பிறகுதான் அந்த வெள்ளை இடம் அம்பாயிற்று. மறைபொருள் ஒன்றை வைக்க வேண்டும் என்று தொடங்குகிற மாணவருக்கு அம்பு கிடைக்காது. எழுத்துகளின் இடைவெளியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கிடைக்கலாம்.

பெயர் தமிழில் என்றால் இடைவெளிப் பிரச்சினை வேறு மாதிரி வரும். ‘ப’ மேலே திறந்து, உள்ளே நிறைய வெள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறது. ‘ண’ சுழிகளால் நெருக்கமாகக் கறுத்து நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணளவு இடைவெளி விட்டால் ‘ப’ தனியே விலகி நிற்பது போலத் தோன்றும். எண்ணை நம்பாமல் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க முடியாதபோதுதான் கண்ணுக்கு வடிவம் தெரிகிறது. செயலியின் சிறு ஐகானில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும் என்பதையும் கவனியுங்கள். எழுத்துருவின் உரிமத்தைப் படித்துவிடுங்கள். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவற்றை லோகோவில் பயன்படுத்தத் தடையில்லை.

மூன்றாம்பருவம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. அந்தப் பத்து நாளும் வேலையில்தான் போயின.

பிரீஃபை எழுதினேன். வேலை முடித்து மாலையில் வருகிறவர்களுக்கான நூலகம், ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புகிறவர்களே மிகுதி, நிர்வாகியின் கவலை திரும்பி வராத புத்தகங்கள் என்று வைத்துக்கொண்டேன். ‘எடுப்பது’ என்ற வினைச்சொல்லில் பத்தொன்பதாவது ஸ்கெட்ச்சில் ஒன்று சிக்கியது. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினால், பக்கத்தில் இருக்கும் புத்தகம் அந்த இடத்துக்குள் சாய்ந்துவிடும் அல்லவா? அதையே வரைந்தேன்: மூன்று செங்குத்துப் பட்டைகள், அவற்றுக்கு நடுவே இடப்பக்கம் சாய்ந்த ஒரு பட்டை, அதன் அடியில் எடுத்த புத்தகம் விட்டுப்போன முக்கோண வெள்ளை. பெயரை அதன் வலப்பக்கத்தில் தனியாக வைத்தேன்.

பென்சில் அழிப்பானில் அதைப் பிளேடால் செதுக்கி, மை தொட்டு அடித்துப் பார்த்தேன். முதல் ஐந்து பதிவுகளிலும் முக்கோணத்தின் கூர்முனை மையால் அடைந்துவிட்டது. சாய்வைச் சில பாகை கூட்டிய பிறகு கொஞ்சம் திறந்தது, ஆனாலும் முழுமையாக இல்லை. முனை அடையக் கூடாது என்று சாய்ந்த பட்டைக்கும் இடப்பக்கப் பட்டைக்கும் நடுவே மெல்லிய வெள்ளை விட்டேன். இப்போது அது சாய்ந்து நிற்பதாகத் தெரியவில்லை, விழுந்துகொண்டிருப்பதாகத் தெரிகிறது. அதோடு, அடிமட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் சீராக்கியிருந்தும் அந்தப் பட்டை மட்டும் சற்று மிதக்கிறது. தோழி ஒருத்தி, இது விற்பனை வரைபடமா என்று கேட்டாள்.

மேலும் ஒரு கேள்வி. எனக்கு இந்த ஒரு யோசனையில்தான் நம்பிக்கை இருக்கிறது. மூன்று யோசனைகளைக் காட்டியே ஆக வேண்டுமா?

விமர்சனக்கூடம் எழுதியது:

வடிவமைப்பு வகுப்பெடுக்கிறவன் என்ற முறையில், உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து பின்னோக்கி வருகிறேன்.

1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்குப் பால் ராண்ட் ஒரே ஒரு லோகோவைத்தான் கொடுத்தார். அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பதைப் படிப்படியாக விளக்கும் சிறு கையேட்டையும் உடன் வைத்தார். இதைக் கேட்ட ஒவ்வொரு மாணவரும் தாமும் ஒன்றையே காட்டுவதாகச் சொல்வதுண்டு. ராண்டுக்குப் பின்னால் அப்போது அரை நூற்றாண்டு வேலை இருந்தது. உங்கள் ஆசிரியர் மூன்று கேட்பது தேர்ந்தெடுத்துக்கொள்வதற்காக அன்று, நீங்கள் எதை ஏன் விட்டீர்கள் என்று பார்ப்பதற்காக. ஆகையால் மூன்றையும் காட்டுங்கள். ஆனால் பிடித்த ஒன்றை வெல்ல வைப்பதற்காக இரண்டு சப்பையானவற்றைச் சேர்க்காதீர்கள், அது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். ராண்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கையேட்டை. அழிப்பானில் அடித்த பதிவுகளையும், பறவைகள் பறந்த பழைய மரத்தையும் அதில் மறைக்காமல் வையுங்கள். போர்ட்ஃபோலியோவில் சேர்க்கும்போது கற்பனை நூலகம், வகுப்புத் திட்டம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். லோகோவைப் பலகையிலும் அட்டையிலும் பொருத்திக் காட்டும் மாக்கப் படங்கள் இப்போது அவ்வளவு உண்மை போல இருப்பதால் பார்ப்பவர் ஏமாறக்கூடும்.

இனி வடிவம். தோழி சொன்ன விற்பனை வரைபடம், பட்டைகளின் உயரத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இடமிருந்து வலமாக ஏறுவரிசையில் வரைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உயரமானதை நடுவில் கொண்டுவந்தாலோ, இரண்டைச் சம உயரமாக்கினாலோ வரைபடம் அலமாரியாகிவிடும்.

பட்டை மிதப்பதற்குக் காரணம், செவ்வகத்தைச் சாய்த்தால் அது தரையில் ஒரு மூலையால் மட்டும் நிற்கிறது. கூர்முனையும் வளைவும் கோட்டைத் துல்லியமாகத் தொட்டால் கண்ணுக்குத் தொடாதது போலவே இருக்கும். அதனால்தான் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் ஆங்கில ஓ-வை எச்-ஐவிடச் சிறிது உயரமாகவும், எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்குச் சிறிது கீழே இறங்குவதாகவும் வரைகிறார்கள். உங்கள் பட்டையின் மூலையையும் அடிக்கோட்டுக்குக் கீழே மிகச் சிறிதளவு இறக்குங்கள். எவ்வளவு என்பதைச் சொல்ல அளவுகோலுக்குத் தெரியாது. லோகோவைச் சிறிதாக்கி, கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வடிவங்களைத் தானாகச் சீராக நிறுத்தும் மென்பொருளின் அலைன் பட்டனைப் பற்றியும் இதையே சொல்வேன். வட்டத்துக்குள் வலப்பக்கம் நோக்கிய முக்கோணத்தை அது நடுவில் வைத்தால் இடப்பக்கம் ஒதுங்கியது போலத் தெரியும், ஏனென்றால் முக்கோணத்தின் கனம் முழுவதும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. பட்டன் வடிவத்தைச் சுற்றிய எல்லைச் சட்டத்தின் நடுவைத்தான் பார்க்கிறது.

சாய்வதற்கும் விழுவதற்கும் உள்ள வேறுபாடு, பக்கத்துப் பட்டையைத் தொடுகிற அந்த ஒரு புள்ளிதான். நீங்கள் விட்ட வெள்ளையை மூடிவிடுங்கள். பட்டை தொட வேண்டும். அப்படித் தொட்டால் மை அடையும் என்ற பழைய சிக்கல் திரும்பி வரும். அதற்கு அச்சகத்து நண்பர் வழி சொல்வார் என்று நம்புகிறேன்.

மையும்தாளும் எழுதியது:

வழி இருக்கிறது, பழைய வழிதான். மாத்யூ கார்ட்டர் 1978-இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைபேசி விவரப் புத்தகங்களுக்காக பெல் சென்டென்னியல் என்ற எழுத்துருவை வடிவமைத்தார். மலிவான தாளில், மிகச் சிறிய அளவில், வேகமாக ஓடும் இயந்திரத்தில் அச்சாக வேண்டிய எழுத்து அது. கோடுகள் சந்திக்கும் மூலைகளில் எழுத்தின் உடலையே சிறு ஆப்பு போல வெட்டிவிட்டார். மை பரவி அந்த வெட்டை நிரப்பும்போது மூலை சரியான வடிவத்துக்கு வந்துவிடும். இதை இங்க் டிராப் என்பார்கள்.

உங்கள் முக்கோணத்தின் முனையிலும் இதையே செய்யலாம். பட்டைகள் தொடும் இடத்துக்குக் கீழே, முனையிலிருந்து மேல்நோக்கி ஒல்லியான ஒரு வெட்டை இரு பட்டைகளின் உடலுக்குள்ளும் சற்று நுழையுமாறு வையுங்கள்; அழிப்பானில் பிளேடின் நுனியால் ஒரு கீறல் போதும். ஸ்டாம்ப்புக்கும் முதுகுச் சீட்டுக்கும் உரிய சிறிய அளவுக் கோப்பில் மட்டும் இந்த வெட்டு இருக்கட்டும், கையேட்டில் எந்த அளவுக்குக் கீழே எந்தக் கோப்பு என்று குறித்துவிடுங்கள். அதே கோப்பைப் பெரிதாக்கி முகப்புப் பலகைக்கு அனுப்பினால், அந்த வெட்டு பல் விழுந்த இடம் போலத் தெரியும்.